ஈனாத பசுவின் பெயர்

ஆடி மாதம் காவல் தெய்வத்துக்குக் கிடா வெட்டுவார்கள். கிடாரியை வெட்டுவார் யாரும் இல்லை. ஒன்று பந்திக்குப் போகிறது, இன்னொன்று கட்டுத்தறிக்குப் போகிறது. இரண்டின் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது யாராவது சொன்ன பிறகுதான் காதில் விழுகிறது.

கிடா என்றால் வளர்ந்த ஆண். செம்மறிக் கிடா, வெள்ளாட்டுக் கிடா, எருமைக் கிடா என்கிறோம். மாட்டினத்துக்கு அந்தப் பெயர் இல்லை. அங்கே காளை, எருது, பொலிகாளை. கிடாரி என்றால் இன்னும் கன்று போடாத இளம் பெண். பசுவில் உண்டு, எருமையில் உண்டு, ஆட்டில் இல்லை. ஆக, ஒரே வேர் ஒரு பக்கம் ஆணையும் முதிர்ச்சியையும் ஆட்டையும் சுட்டுகிறது. மறுபக்கம் பெண்ணையும் இளமையையும் பசுவையும் சுட்டுகிறது. எருமை மட்டும் இரண்டு பக்கமும் நிற்கிறது. இது எப்படி நேர்ந்தது?

வேருக்குப் போகுமுன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை கூடும் மாட்டுச் சந்தையில் சிறிது நேரம் நின்றால் போதும், அங்கே வயதை யாரும் வருடக் கணக்கில் சொல்வதில்லை என்பது தெரியும். வாயைப் பிளந்து கீழ்த்தாடையைப் பார்க்கிறார்கள். மேல்தாடையில் மாட்டுக்கு முன்பல்லே கிடையாது. பால்பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் முளைக்க ஏறக்குறைய இரண்டு வயதாகும். அதுவரை ‘பல் போடாதது’. பிறகு ரெண்டு பல், நாலு பல், ஆறு பல். நான்கு வயதை ஒட்டி எட்டும் முளைத்து வரிசை நிறைந்துவிட்டால் ‘கடை சேர்ந்தது’. அதற்கு மேல் பல்லை வைத்து வயது சொல்வது தரகரின் சாமர்த்தியம்.

ஆனால் ஒரு மாடு கிடாரியா பசுவா என்பதைப் பல் தீர்மானிப்பதில்லை, ஈத்து தீர்மானிக்கிறது. நாலு பல் போட்டும் சினைக்கு நிற்காமல் இருந்தால் அது கிடாரிதான். ரெண்டு பல்லில் கன்று போட்டுவிட்டால் பசுவாகிவிட்டது. கலப்பினம் சீக்கிரம் பருவத்துக்கு வரும். இரண்டரை வயதுக்குள் முதல் கன்றைப் பார்த்துவிடலாம். காங்கயம் போன்ற நாட்டினத்துக்கு மூன்றரை, நாலு ஆகும். அதனால் நாட்டுமாடு வளர்ப்பவர் வீட்டில் கிடாரி என்ற பெயர் ஒரு உயிரோடு அதிக காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். மயிலைக் கிடாரி, செவலைக் கிடாரி, காரிக் கிடாரி என்று நிறத்தைச் சேர்த்துச் சொல்லியே அது வளரும். காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து ஆறு மாதத்துக்கு மேல்தான் சாம்பலுக்கு மாறும். பெயரின் முன்பாதியே நடுவில் மாறிவிடுவதும் உண்டு.

‘தலையீத்துக் கிடாரி’ என்றும் சந்தையில் கேட்கலாம். ஈன்றது எப்படிக் கிடாரியாகும் என்று இலக்கணம் பேசினால் தரகர் சிரிப்பார். முதல் கன்றை ஈன்றிருக்கிறது, இன்னும் இளமை போகவில்லை, பல ஈத்துக் கறக்கலாம் என்பதை இரண்டு சொல்லில் அடக்கிவிட்டார். விற்கிற வாய்க்கு எல்லைக்கோட்டை அரை ஈத்து தள்ளி வைப்பது பெரிய காரியமில்லை. அரசாங்கம் வேறு வழியில் போகிறது. 2019இல் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு பெண் மாடுகளில் வளர்ந்தவற்றையும் வளராதவற்றையும் வயதை வைத்தே பிரித்தது: கலப்பினத்துக்கு இரண்டரை வயது, நாட்டினத்துக்கு மூன்று. சந்தையில் ஈத்துக் கணக்கு, படிவத்தில் வருடக் கணக்கு.

இனி சொல்லின் உருவம். அகராதிகளில் கடாரி என்றும் கிடாரி என்றும் இரண்டு வடிவம் உண்டு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலேயே இரண்டையும் பார்க்கலாம். ஊர்ப்பேச்சில் கெடாரி, கெடேரி. கால்நடைப் பராமரிப்புத் துறையின் அச்சில் கிடேரி நிலைத்துவிட்டது. கன்று வளர்ப்புக் கையேடானாலும் செய்திக்குறிப்பானாலும் ‘கிடேரிக் கன்று’தான். எழுத்துத் தமிழ் பேச்சிலிருந்து எடுத்துக்கொண்ட அபூர்வமான சொற்களில் இது ஒன்று. எனக்கு இதில் குறையில்லை. ரி–யில் இருக்கும் இகரம் முன்னால் நின்ற ஆகாரத்தை ஏகாரமாக இழுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கிடேரி என்ற இந்தப் பேச்சுவடிவத்தை வைத்துக்கொண்டு ‘கிடைக்கு ஏறியது கிடேரி’ என்று விளக்கம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆடு மாடுகளை அடைப்பது கிடை. கன்று என்ற நிலை கடந்து மந்தையோடு கிடைக்குப் போகிற அளவு வளர்ந்தது என்று பொருள் சொல்கிறார்கள். அழகான விளக்கம், தவறான விளக்கம். முதலாவது, ஏகாரம் பின்னால் வந்தது. இரண்டாவது, முதலெழுத்து கி என்பதே உறுதியில்லை. கடாரி என்ற வடிவம் கூடவே நிற்கிறது. அடுத்து வரும் டகரம், லகரம் போன்ற ஒலிகளுக்கு முன்னால் அகரமும் இகரமும் இடம் மாறிக்கொள்வது தமிழில் பழைய பழக்கம். கடாரம்–கிடாரம், பலா–பிலா, யாழ்ப்பாணத்துப் பனாட்டு–பினாட்டு. அந்த வரிசையில்தான் கடா–கிடாவும் கடாரி–கிடாரியும் வருகின்றன. கிடை அங்கே நுழைய வழியில்லை.

கிடாவோடு ஒரு பெண்பால் விகுதி சேர்ந்து கிடாரி ஆனது என்பது அடுத்த ஊகம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தமிழில் ‘ரி’ என்று பெண்பால் விகுதி கிடையாது. இகரம் உண்டு, கிழவி. அத்தி உண்டு, குறத்தி. அச்சி உண்டு, ஆய்ச்சி. கிடாவுக்குப் பெண்ணாகக் கிடாரி பிறந்திருந்தால் ஆட்டில் அல்லவா அது முதலில் இருக்க வேண்டும்? ஆட்டுக் கிடாவின் ஜோடி ஆட்டுக் கிடாரி அல்ல. இரண்டும் தாயும் மகளும் அல்ல, அண்ணனும் தங்கையும்.

பெற்றோர் யார் என்று தெரிய அக்கம்பக்கத்து வீடுகளில் விசாரிக்க வேண்டும்.

கன்னடத்தில் கடசு என்றால் இன்னும் ஈனாத இளம் பசு அல்லது எருமை. துளுவிலும் அதே சொல், முதல் ககரத்தை மட்டும் அழுத்திச் சொல்வார்கள். குடகில் கடிசி. மலையாளத்தில் கடச்சி. நான்கு மொழியிலும் பொருள் பெண், இளமை, மாட்டினம். நம் கிடாரிக்கு ஒரு மயிரிழை விலகலில்லை. விகுதிதான் மொழிக்கு மொழி மாறுகிறது. ரி என்ற முடிவு தமிழிலும், கடச்சியோடு கிடாரியும் உள்ள மலையாளத்திலும் மட்டும் இருப்பதால், இரண்டும் பிரியாத காலத்தில் அது ஒட்டியிருக்க வேண்டும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவை எல்லாவற்றையும் கடா, கிடாவோடு ஒரே தலைப்பின் கீழ் வைத்திருக்கிறது. 1961இல் முதல் பதிப்பும் 1984இல் திருத்திய பதிப்பும் வந்த அந்த நூல், சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிட்டு மூலப்பொருள் என்ன என்று சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. மிச்சத்தைப் படிப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலையாளத்தில் கிடாவு என்றால் குழந்தை. பன்மையில் கிடாங்ஙள் என்றால் பிள்ளைகள். பசுக்கிடாவு என்றால் பசுவின் கன்று, ஆணானாலும் பெண்ணானாலும். காளைக்கன்றை மட்டும் சொல்ல வேண்டுமானால் மூரிக்கிடாவு என்று மூரியை முன்னால் சேர்த்துக்கொள்கிறார்கள். அதாவது கிடாவு என்ற சொல்லில் அங்கே பால் இல்லை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, வெறும் இளமை. மனிதக் குழந்தைக்கும் கன்றுக்கும் பொதுவான இளமை. கிடா வெட்டு என்று ஒரு மலையாளியிடம் விளக்கமில்லாமல் சொன்னால் அவர் திடுக்கிடுவதில் நியாயம் இருக்கிறது.

நீலகிரியில் கோத்தர் பேச்சில் ஒரு தொடர் இருக்கிறது. ஏறக்குறைய ‘கட்ச் நாக்’ என்று ஒலிக்கும். இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட எருமைக் கன்றுக்கு அந்தப் பெயர். எமனோ 1930களில் அந்த மலையில் தங்கி அவர்கள் மொழியை எழுதிக்கொண்டவர். கட்ச் என்பது நம் கடாரியின், கன்னடக் கடசுவின் உறவு. நாக் என்பது பழந்தமிழ் நாகு. தமிழில் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு வந்த இரண்டு சொற்கள் அந்தக் கோத்தர் எருமையின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பிறகு நாகுவுக்கு வருகிறேன்.

வடக்கே போனால் எருமை மட்டும் துணைக்கு வருகிறது. சார்க்கண்டுப் பகுதியின் குடுக் மொழியில் எருமையின் இளம் ஆண் ‘கடா’, பெண் ‘கடீ’. பஞ்சாபியில் எருமைக் கன்று கட்டா, பெண்ணானால் கட்டீ. இந்தியில் கட்ரா. சமஸ்கிருத அகராதியில் கடாஹ என்ற சொல்லுக்குக் கொப்பரை, ஆமையோடு என்ற பொருள்களுக்கு நடுவே, இப்போதுதான் கொம்பு முளைக்கும் இளம் பெண் எருமை என்றும் ஒரு பொருள் இருக்கிறது. இது தெற்கிலிருந்து போன சொல் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். எருமையின் ஆண், பெண், கன்று எல்லாவற்றையும் தழுவும் இப்படிப்பட்ட சொற்குடும்பம் திராவிட மொழிகளில்தான் வேரோடு இருக்கிறது. சமஸ்கிருதத்தில் அது கொப்பரைக்கு நடுவில் அனாதையாக நிற்கிறது. நம்மிடம் கொப்பரையும் கடாரம், 1025இல் முதலாம் இராசேந்திரன் கப்பல் அனுப்பி வென்ற கெடாவும் கடாரம். கடாரம் கொண்டானுக்கும் கடாரிக்கும் உறவு கட்ட யாராவது கிளம்பினால் ஒலியைத் தவிர வேறு சாட்சி கிடைக்காது.

இனித் தொல்காப்பியம். அதன் மரபியல் விலங்கு, பறவை, மரம் ஆகியவற்றின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வரிசையாகத் தருகிறது. இந்த இயலின் காலம் பற்றி அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை, பிற்சேர்க்கை என்போரும் உண்டு. எப்படியானாலும் தமிழில் இந்த வகைப் பட்டியல்களில் பழையது அதுதான். இளமைப் பெயர் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. ஆண்பாற் பெயர் பதினைந்து, பெண்பாற் பெயர் பதின்மூன்று. படிக்கச் சுவையான பட்டியல். பெண் பன்றிக்கும் பெண் நாய்க்கும் பாட்டி என்று பெயர். ஆண் ஆட்டுக்கு அப்பர் என்று பெயர். இன்று வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்தப் பதினைந்து ஆண்பாற் பெயர்களில் கடா இல்லை. ஆண் ஆட்டுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயர் சொன்ன நூல் ஐந்தாவதாகக் கடாவைச் சொல்லவில்லை. ஆண் எருமைக்குக் கண்டி என்கிறது, கடா என்று சொல்லவில்லை. பட்டியலின் கடைசியில் ‘பிறவும்’ என்று கதவைத் திறந்து வைத்திருப்பதால் இல்லாமையை வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. ஆனால் பெண்பாற் பட்டியலைத் திருப்பினால் கடமை என்று ஒரு சொல் இருக்கிறது. பெண் ஆட்டுக்கு மட்டுமே உரியது என்று தனி நூற்பாவே வைத்து வேலி போட்டிருக்கிறார்கள். கடமை என்ற பெயரில் ஒரு காட்டு விலங்கும் அதே இயலில் வருகிறது, அதன் குட்டிக்குக் கன்று என்று பெயர். இந்தக் கடமையைத்தான் பரோவும் எமனோவும் கடா, கடாரியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சேர்க்கை சரியென்றால் நம்முடைய முதல் எண்ணம் தலைகீழாகிறது. கடா என்ற ஆணிலிருந்து கடாரி என்ற பெண் வரவில்லை. நம் பழைய பட்டியலில் இந்த வேர் தலைகாட்டுவதே பெண்ணின் பக்கத்தில்தான். ஆண் கடா அங்கே வந்து சேரவில்லை. மலையாளக் கிடாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாலில்லாத ‘இளசு’ என்ற பொருளே வேர், ஆணும் பெண்ணும் அதன் பிற்காலக் கிளைகள் என்று கொள்வதுதான் எல்லா மொழிக்கும் பொருந்தி வருகிறது.

ஓர் இளமைப் பெயர் ஏன் பெண்ணுக்கு என்று ஒதுங்க வேண்டும்? நாகு என்ற சொல்லின் கதை இதற்கு உதவும்.

மரபியலில் நாகு என்பது பெண்பாற் பெயர். எருமை, மரை, பெற்றம் என்று மூன்று விலங்கின் பெண்ணுக்கு உரியது. நீர்வாழ்வனவற்றில் நத்தையின் பெண்ணுக்கும் நாகு என்கிறது. ஆனால் சங்கப் பாட்டுகளைப் புரட்டினால் வேங்கை மரம் நாகாக இருக்கிறது, சிறுபாணாற்றுப்படையில் நுணா மரம்கூட நாகுப் பருவம் கடக்கிறது. மரத்துக்கு எருமையின் பால் எதற்கு? அங்கே பொருள் இளமை. கன்று என்ற சொல் வாழைக்கும் தென்னைக்கும் போனது போல நாகும் மரத்துக்குப் போயிருக்கிறது. குறுந்தொகையின் 164ஆம் பாட்டிலோ மாங்குடி மருதன் சூல் முற்றிய வாளை மீனை நாகு என்கிறார். மரத்திலிருந்து விழுந்த மாம்பழத்தைக் கவ்வுகிற மீன் அது. வயிறு நிறைய முட்டை சுமக்கும் மீனில் இளமைக்கு என்ன இடம்? அங்கே பொருள் பெண். நீர்வாழ்வனவற்றில் நத்தைக்குச் சொன்ன பெயரை மீனுக்கு நீட்டியிருக்கிறார் என்று உரைகாரர் யாராவது கோபித்திருக்கலாம், கவிஞர் கவலைப்படவில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் இளமை, ஓரிடத்தில் பெண், இரண்டும் சேருமிடத்தில் ஈனாத பசு.

தமிழ்நாட்டுப் பேச்சில் நாகு ஏறக்குறைய மறைந்துவிட்டது. இலங்கைத் தமிழில் உயிரோடு இருக்கிறது. இளங்காளை நாம்பன், இளம் பசு நாகு. நாகு கன்று வளர்ப்பு என்று அங்கே கால்நடைத் திட்டங்களில்கூடப் படிக்கலாம். கிடேரி இங்கே அலுவலகத்துக்குள் நுழைந்தது போல நாகு அங்கே நுழைந்திருக்கிறது. சங்கச் சொல் என்று நாம் பாடத்தில் வைத்துப் பூட்டிய ஒன்று யாழ்ப்பாணத்தில் வைக்கோல் தின்றுகொண்டு நிற்கிறது.

அதே யாழ்ப்பாணத்தில் பெண் ஆடு மறி. மறியாடு என்றால் பெட்டை, கிடாய் என்றால் ஆண். மறி மரபியலில் எந்தப் பட்டியலில் இருந்தது என்று மேலே பார்த்தோம்: இளமைப் பெயரில், ஆட்டுக்கும் குதிரைக்கும் மானினங்களுக்கும் பொதுவாக. அங்கே பால் இல்லாத குட்டி, இங்கே வயது பார்க்காத பெண். நாகு பெண்ணிலிருந்து இளமைக்கும் இளமையிலிருந்து பெண்ணுக்கும் போய்வந்தது. மறி இளமையிலிருந்து பெண்ணுக்குப் போனது. கடாரியும் அந்தப் பாதையில்தான் போயிருக்கிறது. மூன்று சொல் ஒரே பாதையில் நடந்தால் அதைத் தற்செயல் என்று விட மனம் வரவில்லை.

காரணம் மந்தையின் கணக்கில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நூறு ஆடு வைத்திருப்பவருக்கு இரண்டு மூன்று கிடா போதும். பிறக்கும் குட்டிகளில் பாதி ஆண். அந்தப் பாதி மந்தையில் தங்காது. கோயிலுக்கு, சந்தைக்கு, கறிக்குப் போகும். தங்குவது பெண்குட்டி. ஆகவே மேய்ப்பவர் ‘குட்டி’ என்று நினைத்துப் பார்க்கும்போது அவர் கண் முன் நிற்பது பெண். இளமைப் பெயர் தானாகப் பெண் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆணுக்கோ, வெட்டுக்கு விட்டு வளர்க்கப்படும் நாளில்தான் பெயர் தேவைப்படுகிறது. அதனால் அதே சொல் அங்கே கொழுத்து வளர்ந்த ஆணுக்குப் போய்ச் சேர்ந்தது. மாட்டில் ஆண் வெட்டுக்குப் போவதில்லை, உழவுக்கும் வண்டிக்கும் போகிறது. அதற்குக் காளை, எருது என்று வேலைப் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. மாட்டுக் கிடா என்ற சொல் இல்லாமல் போனதற்கு இதுவே போதுமான காரணம். எருமையில் ஆண், உழவுக்கும் போகும், பலிக்கும் போகும். எருமைக் கிடா என்ற பெயர் நிலைத்ததும், அதற்குப் பக்கத்திலேயே எருமைக் கிடாரி நிற்பதும் பொருந்தி வருகின்றன.

இதைச் சொல்லும்போது தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வராமல் போகாது. முதலாம் இராசராசன் காலத்தில் அங்கே விளக்கெரிக்க நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்கு. ஒரு விளக்குக்கு 96 ஆடு விடப்பட்டது. பசுவானால் 48, எருமையானால் 16. இவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் குடும்பம் நெய்யை அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஆட்டுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும், மூப்படையும். ஆனால் எண்ணிக்கை சாகக் கூடாது. கிழடு ஒன்று விழுந்தால் இளசு ஒன்று அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும். நெய்க்குக் கறவை, கறவையின் இடத்துக்கு, இன்னும் கறக்காத இளம் பெண். கல்லில் வெட்டிய கணக்கு 48 என்று நிற்கிறது. அந்த 48ஐ நிற்க வைத்தது கொட்டிலின் ஓரத்தில் பால் தராமல் தீனி தின்றுகொண்டிருந்த சில கிடாரிகள். ஆயிரம் ஆண்டு எரிய வேண்டிய விளக்கை அவற்றை நம்பித்தான் ஏற்றியிருக்கிறார்கள்.

மற்ற மொழிகள் இந்த உயிரை எப்படிப் பார்த்தன என்று ஒப்பிட்டால் நம்முடையது எவ்வளவு வேறு என்பது தெரிகிறது. வேத மொழி வயதைப் பார்த்தது. த்ர்யவி என்றால் ஒன்றரை வயதுக் கன்று. அவி என்றால் ஆடு. ஆட்டின் ஆறு மாதத்தை ஓர் அலகாக வைத்து மூன்று அலகு. பஞ்சாவி என்றால் ஐந்து அலகு, இரண்டரை வயது. மாட்டின் வயதை ஆட்டால் அளந்த ஒரு மேய்ச்சல் சமூகம் அந்தச் சொற்களில் இருக்கிறது. கன்றுக்கான வத்ஸ என்ற சொல்லே ஆண்டு என்ற வேரிலிருந்து வந்தது, ஒரு வயதானது என்று பொருள். லத்தீன் மொழியின் விதுலுஸ் அதற்கு உறவு. அந்த வத்ஸத்திலிருந்துதான் வாத்சல்யம் வந்தது. தாய்ப்பசு கன்றிடம் காட்டுவது. வைணவ உரைகாரர்கள் இறைவனின் அன்புக்கு இந்தச் சொல்லை எடுத்து, அன்றே ஈன்ற பசு கன்றின் உடம்பிலிருக்கும் அழுக்கை நாவால் நக்கி எடுப்பதை உவமையாக்கினார்கள். பாணினி இன்னொரு கோணத்தில் பார்த்தார்: காளைக்குச் சேர்க்கும் பருவத்துக்கு வந்தது உபசர்யா என்று தனிச் சூத்திரம் வைத்தார். இந்தியில் ஓசர் என்று சொல்லும் கிடாரி அந்தச் சொல்லின் பேத்தி. ஆங்கிலத்தின் ஹெய்ஃபர் ஆயிரம் ஆண்டுகளாக எழுத்தில் இருக்கிறது. அதன் பிறப்பு இன்னும் அவர்கள் அகராதிகளில் கேள்விக்குறியோடுதான் நிற்கிறது. நம் கால்நடை மருத்துவர்கள் சீட்டில் எழுதுவது அந்தக் கேள்விக்குறியைத்தான்.

வயது, பருவம், ஆண்டு. கிடாரி இவை எதையும் சொல்லவில்லை. இளசு என்று மட்டும் சொல்லி, எந்த இளசு வீட்டில் தங்கும் என்பதைப் பேசுபவர் அறிவுக்கு விட்டுவிட்டது.

அந்தக் கணக்கு இப்போது வேகமாக மாறுகிறது. டிராக்டர் வந்தபின் காளைக்கன்றுக்கு உழவில்லை. மினி லாரி வந்தபின் வண்டியுமில்லை. கலப்பினக் காளைக்கன்று பிறந்த வாரத்திலேயே வீட்டில் முகம் சுளிப்பு ஆரம்பமாகிவிடுகிறது. சீம்பால் கொடுப்பதிலேயே பாரபட்சம் பார்த்திருக்கிறேன். பால் பண்ணைக் கணக்கில் மாடும் ஆடு போல ஆகிவிட்டது: பெண் தங்கும், ஆண் போகும்.

இதற்கு விஞ்ஞானம் ஒரு வழி கண்டிருக்கிறது. பெண் கன்றைத் தரும் உயிரணுவில் மரபுப்பொருள் ஆணைத் தருவதைவிட ஏறக்குறைய 4 விழுக்காடு அதிகம். அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்துச் சாயமேற்றி, ஒளி பாய்ச்சி, ஒவ்வொன்றாகப் பிரித்து உறைய வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு உதகமண்டலத்தில் கூடம் இருக்கிறது. கட்ச், நாக் என்ற இரண்டு பழஞ்சொல்லும் ஒரே எருமை மேல் உட்கார்ந்திருக்கும் அதே மலை.

சினை ஊசி போட வந்த மருத்துவரிடம், கட்டுத்தறியில் பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டிருக்கும் மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி வீட்டுக்கார அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: “கெடேரியே போடுமுங்களா?”

“பத்துக்கு ஒம்பது போடுமுங்க” என்கிறார் அவர், உறைகுடுவையின் மூடியைத் திறந்துகொண்டே.